பித்தனும் நீதிமன்றமும்

1843-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் பிற்பகல், லண்டன் மாநகரில் சேரிங் கிராஸ் அருகே எட்வர்ட் டிரம்மண்ட் என்பார் நடந்து சென்றார். இவர் பிரதம மந்திரி சர் ராபர்ட் பீலின் அந்தரங்கக் காரியதரிசி. பின்னே வந்த ஒருவன் கைத்துப்பாக்கியால் அவரைச் சுட்டான். ஐந்தாம் நாள் அவர் மாண்டார். சுட்டவன் கிளாஸ்கோ நகரத்து மரக் கடைசல்காரன் டேனியல் மக்நாட்டன். டோரி கட்சியார் தன்னை ஊரூராய்த் துரத்தித் துன்புறுத்துகின்றனர் என்பது அவனது அசையாத நம்பிக்கை. பீல் என மயங்கியே டிரம்மண்டைச் சுட்டான் என்பர்.

இவனைத் தூக்கிலிடுவதா, விடுவதா?

முன்னாளில் ஆங்கில நாட்டார் இக்கேள்விக்குக் கடுமையான விடையே வைத்திருந்தனர். 1724-இல் ஆர்னால்டு என்பவன் ஒரு பிரபுவைச் சுட்ட வழக்கில், அறிவு முற்றும் அழிந்து, பச்சிளங் குழந்தையையோ காட்டு விலங்கையோ ஒத்தவனாக இருந்தாலன்றி விடுதலை இல்லை என்று நீதிபதி உரைத்தார். 1800-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நாடகசாலையில் சுட முயன்ற ஹாட்பீல்டின் வழக்கில்தான் இக்கொள்கை ஆட்டங்கண்டது. போரில் தலையில் வாள்வெட்டுப் பட்ட சிப்பாய் அவன். நினைத்துத் திட்டமிடும் ஆற்றல் இருந்தும் ஒருவன் மாயையான ஓர் எண்ணத்துக்கு அடிமையாகலாம் என வாதித்து எர்ஸ்கின் அவனை மீட்டார். ஆயினும் அவன் வீடு திரும்பவில்லை. இத்தகையோரை மன்னரின் விருப்பம் உள்ளவரை காவலில் வைக்கலாம் என அவ்வாண்டே சட்டம் செய்தனர்.

மக்நாட்டன் வழக்கிலும் மருத்துவர் பலர் அவன் பித்தனே எனச் சாட்சி கூறினர்; மறுக்க ஒருவரும் இல்லை. குற்றவாளி அல்லன் என்று ஜூரர்கள் தீர்ப்பளித்ததும் நாடெங்கும் கூச்சல் எழுந்தது. விக்டோரியா மகாராணியாருக்கும் மனம் ஒப்பவில்லை. 1840-இல் அவர்மீது சுட்டவனும் பித்தன் என்றே தூக்குக்குத் தப்பியவன் அல்லவா! பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. மனநோயால் அறிவு பழுதுற்று, தான் செய்வது இன்னதென்று அறியாதவனும், அறிந்தும் அது தவறென்று உணராதவனுமே விலக்குப் பெறுவர். ஒவ்வொருவனும் தெளிந்த சித்தமுடையவன் என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று அவர்கள் விடையிறுத்தனர். இந்த அளவுகோலால் அளந்திருந்தால் மக்நாட்டனே தப்பியிருப்பானோ என்பது நமது ஐயம். தவறென்று தெரிந்தும் தன்னை அடக்க இயலாதவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இவ்விஷயம் நமக்கு அயலானதன்று. மெக்காலே 1837-இல் வரைந்த இந்தியத் தண்டனைச் சட்ட நகலில், பித்தத்தின் விளைவாகச் செய்தது குற்றமன்று என்று சுருக்கமாகவே கண்டிருந்தது. 1860-இல் சட்டமானபோது 84-ஆம் பிரிவு நீதிபதிகளின் விடையைத் தழுவி அமைந்தது. அதைப் பின்பற்றியே 1871-இல் ஜலசந்திக் குடியேற்ற நாடுகளின் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது 84-ஆம் பிரிவாகவே நிற்கிறது.

கிராணி வேலை பார்க்கும் நம்மிடம், "ஐயா, பைத்தியம் என்றால் விட்டுவிடுவார்களாமே?" என்று கேட்போர் உண்டு. விட்டுவிடுவதில்லை. மக்நாட்டன் 1865-இல் சாகும்வரை, இருபத்திரண்டு ஆண்டு, காவலிலேயே கிடந்தான். மலேசியாவிலும் அவ்வாறு விடுதலை பெற்றவரை ஆட்சியாளரின் விருப்பம் உள்ளவரை மனநோய் மருத்துவமனையில் அடைத்து வைக்கலாம்.

மேலும், செயல் நிகழ்ந்த வேளையில் சித்தம் கலங்கியிருந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவனையே சாரும். நம்மவரோ, பையன் தனியே பேசத் தொடங்கினால் பேய் பிடித்தது என்று பூசாரியிடம் ஓடுகிறோம். 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரைச் சொன்னாலே நகைக்கிறோம். வேப்பிலை அடித்ததற்குச் சீட்டு ஏது? பிற்காலத்தில் அவன் கையால் ஓர் உயிர் போயின், முன்னரே நோயுற்றிருந்தான் என்று காட்ட ஒரு மருத்துவர் எழுதிய காகிதமும் இராது. தாய் மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறி, "அவன் நல்ல பிள்ளை" என்று அழுவாள். மொழிபெயர்ப்பாளர் அதனை அப்படியே பெயர்த்துச் சொல்வார்.