மண்மாரியும் மண்கூடையும்

நாசரேத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் கண்முன், சிறிது தொலைவிலேயே நிலம் நிறம் மாறும். குருதி தோய்ந்து உலர்ந்த துணிபோலச் செக்கச் சிவந்த மணல், மேடும் பள்ளமுமாய்ப் பரந்து கிடக்கும். இடையிடையே பனைகள். தேரி என்பர் அதனை. பாலஸ்தீனத்து ஊரொன்றின் பெயரைத் தன் பெயராய்ச் சூடிக்கொண்ட நாசரேத்திலே பிறந்து, விவிலியக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் அந்தத் தேரியின் கதை தெரியும். கடல் கடந்து வந்த கதையும் காலடி மண்ணின் கதையும் ஒரே திண்ணையிலே பேசப்படும் ஊர் அது.

கதை இதுதான். மன்னன் ஒருவனுக்கு ஒரு மாமரம். நாளுக்கு ஒரு கனியே தரும். அது மன்னனுக்கு மட்டுமே உரியது. ஒரு நாள் நீர் மொள்ளச் சென்ற ஏழைப் பெண்ணின் குடத்திலே அவள் அறியாமல் கனி விழுந்துவிட்டது. வீடுவீடாய்த் தேடினர் காவலர். குடத்திலே கண்டனர் கனியை. களவு என்றான் காவலன். கழுத்தை வெட்டுக என்றான். குற்றமற்றவள் கொலைக்களத்திலே நின்று, மண்மாரி பொழிந்து இந்நாடு மாளட்டும் என்றாள். பொழிந்தது மண், புதைந்தது நாடு. தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலையொட்டி இன்றும் சொல்லப்படும் கதை இது.

கேட்டதும் கிழவர் கைகூப்புவர். கற்ற இளைஞர் கைகொட்டிச் சிரிப்பர். கூப்பவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம். இதைக் கட்டியவன் யார், கட்ட வேண்டிய தேவை அவனுக்கு என்ன என்று கேட்போமே!

ஆராய்ச்சியாளர் தரும் விடை வேறு. அம்மணலில் இரும்பு கலந்திருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டு அந்த இரும்பு துருவேறி, ஒவ்வொரு மணலுக்கும் செம்பூச்சுப் பூசியிருக்கிறது. மேற்கு மலைக் கணவாய்களின் வழியே ஆனி ஆடியிலே சீறிவரும் காற்று அதை வாரி இறைத்து மேடாக்கியது. நாசரேத்துக்கு வடக்கே சாயர்புரம் முதலிய ஊர்களின் தேரிகளிலே பழங்கால மனிதன் செதுக்கிய நுண்கற் கருவிகள் கிடைத்தன. சாய்னர், ஆல்சின் என்ற அறிஞர் இருவர் 1956இல் அவற்றைப் பற்றி எழுதியபோது, சுமார் ஆறாயிரம் ஆண்டுத் தொன்மை அவற்றுக்கு உண்டு என மதிப்பிட்டனர். பாண்டியன் முடிசூடுவதற்கு முன்பே, கொற்கைத் துறையிலே முத்து குவிவதற்கு முன்பே, தேரி இருந்தது. தேரிமேல் மனிதன் இருந்தான். சாபத்தால் மணல் வரவில்லை. மணல் வந்து நெடுங்காலம் சென்ற பின்னரே சாபம் வந்தது!

அப்படியானால் கதை வெறும் பொய்தானா? அவசரம் வேண்டாம். தேரி மணல் நகர்வது உண்மை. நேற்றுப் பயிர் நின்ற தோட்டம் காற்றுக்காலம் கழிந்ததும் மணலடியிலே கிடப்பதைக் கண்ணாரக் கண்டவன் உழவன். ஏன் இப்படி என்று கேட்டான். இரும்பும் துருவும் அறியாதவன், அறிந்ததைக் கொண்டு அறியாததற்கு விடை கட்டினான். எங்கும் மனிதன் செய்தது இதுவே. எகிப்தியன், மறைந்த கதிரவன் இரவெல்லாம் பாதாள உலகிலே படகோட்டுகிறான் என்றான். கிரேக்கன், மகளைப் பிரிந்த தாயின் துயரத்தால் பயிர் வாடுகிறது என்றான். சிப்பிக்குள் புகுந்த வேற்றுப் பொருளைச் சுற்றி அதன் சுரப்பு படிந்து முத்தாவதை அறியாத காலத்தில், நம்மவர் மழைத்துளி முத்தாகிறது என்றனர்; கி.பி. முதல் நூற்றாண்டு ரோமாபுரிப் பிளினி பனித்துளி என்றெழுதினான். அறிவின் பிள்ளைப்பருவம் அது. மழலையை யார் பழிப்பர்? முதுமையிலும் மழலையே பேசுவேன் என்போரைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

ஆனால் மணலுக்கு விடை காண ஒரு தெய்வத்தின் சினம் போதுமே! ஏழைப் பெண் எதற்கு? ஒற்றைக் கனி எதற்கு? தவறிய தீர்ப்பு எதற்கு? இங்கேதான் புராணம் வானத்தை விட்டு வரலாற்றுக்குள் இறங்குகிறது. மன்னனை விசாரிக்க மன்றம் இல்லாத நாட்டிலே, வழக்குரைக்க வாய் இல்லாதவர்கள் கதைக்குள்ளே ஒரு நீதிமன்றம் கட்டினார்கள். அங்கே குற்றவாளி மன்னன். வாதி, தண்ணீர்க்குடம் சுமந்தவள்.

எல்லாக் கதையும் எளியவன் கட்டியதன்று. எளியவனைக் கட்டிவைக்கவும் கதை எழுந்தது. கி.மு. 17ஆம் நூற்றாண்டிலே பாபிலோனியர் களிமண் பலகைகளில் எழுதிவைத்த அத்ரகாசிஸ் கதையைப் பாருங்கள். சிறு தெய்வங்கள் வாய்க்கால் வெட்டி வெட்டிச் சலித்து, கருவிகளைத் தீயிலிட்டு வேலைநிறுத்தம் செய்கின்றன. அந்த வேலையைச் சுமப்பதற்காகவே மனிதன் படைக்கப்படுகிறான். மண்கூடை இனி மனிதன் தலையில்! உழைப்பவனை நோக்கி, நீ பிறந்ததே இதற்குத்தான் என்று சொல்லிவிட்டால் சவுக்குக்கு வேலை குறையுமல்லவா? முகத்தில் ஒருவன், பாதத்தில் ஒருவன் என்று பிறப்பைப் பங்கிட்ட இருக்கு வேதத்துப் புருட சூக்தம் செய்த வேலையும் இதுவே.

அந்த மண்கூடை நம் நாட்டிலும் உண்டு. இரண்டு கதைகளில் உண்டு. வைகையிலே வெள்ளம். வீட்டுக்கோர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பரஞ்சோதியார் பாடிய திருவிளையாடலில், பிட்டு விற்கும் வந்திக்கு ஆளாகச் சிவனே வந்து மண் சுமக்கிறான். வேலை செய்யாமல் விளையாடியதற்குப் பிரம்படியும் படுகிறான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுகிறது. கூலியாள் முதுகில் விழும் அடி கோமகனுக்கும் வலிக்கும் என்ற அந்த இடம் அழகானது; ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், கடவுளே சுமந்த கூடையை நீ சுமக்கக் கூசலாமா என்ற கேள்வியும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

மற்றொரு கதை, நாசரேத் வட்டாரத்துப் பனையேறும் மக்கள் தம் முன்னோரைப் பற்றிச் சொல்லிவந்தது. பத்திரகாளி வளர்த்த பிள்ளைகள் எழுவர். அதே வைகை, அதே வெள்ளம், அவர்களுக்கும் அதே ஆணை. கூடையைத் தொடமாட்டோம் என்றனர். ஒருவன் தலை கொய்யப்பட்டது. வெள்ளத்திலே மிதந்த தலை, அப்போதும் தொடமாட்டேன் என்றதாம். இரண்டாமவன் தலையும் அதையே சொன்னதாம். அஞ்சிய அரசன் எஞ்சிய ஐவரை விட்டுவிட்டான்.

தலை பேசுமா என்று கேட்பவர் கேட்கட்டும். பேசாது. ஆனால் பனை உச்சிக்கும் அடிமரத்துக்குமாக நாள்தோறும் ஏறியிறங்கி, தெருவிலே ஒதுங்கி நடக்கப் பணிக்கப்பட்ட ஒரு கூட்டம், எங்கள் பாட்டன் வணங்காதவன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேறென்ன வழி இருந்தது? பின்னாளில் படித்தவர்கள் அந்தப் பாட்டனுக்கு முடிசூட்டி, நாங்களும் சத்திரியரே என்று நூலெழுதியதுதான் எனக்கு உவப்பில்லை. கூடையை மறுத்தவனுக்குக் கிரீடம் எதற்கு?

கதைகள் திண்ணையோடு நின்றவையும் அல்ல. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. சாத்திரமும் வழக்கமும் சான்றாகி, 1908இல் நுழைய உரிமையில்லை என்றே முடிந்தது. சிவன் மண் சுமந்ததாய்ச் சொல்லப்படும் மதுரையிலே, மீனாட்சி கோயில் கதவு தாழ்த்தப்பட்ட தோழர் ஐவருக்கும் நாடார் ஒருவருக்கும் திறந்தது 1939 ஜூலை 8ஆம் நாள்.

ஆவணி தோறும் அந்நகரிலே பிட்டுத் திருவிழா நடக்கிறது. கூட்டம் கூடுகிறது, பிட்டும் கிடைக்கிறது. வெள்ளத்திலே மிதந்த அந்த இரு தலைகளுக்கு அங்கே திருவிழா இல்லை. அவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமானால், தெற்கே பனங்காட்டுப் பக்கம் வந்து, வயதானவர் எவரிடமேனும் பொறுமையாய் உட்கார வேண்டும்.