தபாலில் வந்த வீடு

ஊரில் எங்கள் வீட்டைப் பிரித்து விற்ற அதே வருஷம்தான், நான் அமெரிக்காவில் இன்னொருத்தர் வீட்டில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் தினமும் பிடுங்குகிற ஆணி இல்லை மக்களே, நிஜமான இரும்பு ஆணி. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

2006. கம்பெனி இரண்டு வருஷத்துக்கு அனுப்பி வைத்த இடம் எல்ஜின். சிகாகோவுக்கு மேற்கே ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அரோரா பாலாஜி கோயிலுக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் தங்கமணிக்கு ஊர் பிடித்துவிட்டது. அபார்ட்மெண்ட் எதுவும் சரியாக அமையாமல், ஒரு பழைய மர வீட்டின் மாடி வாடகைக்குக் கிடைத்தது. கீழே ஓனர், எழுபதைத் தாண்டியவர், மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. சாவியைக் கொடுக்கும்போதே சொன்னார்: "இது என் தாத்தா 1923-ல் தபாலில் வாங்கின வீடு."

ஏதோ ஜோக் அடிக்கிறார் என்று சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வாசல் திண்ணையில், அதாவது போர்ச்சில், மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். 'சியர்ஸ் வீடு, 1923' என்று செதுக்கியிருந்தது.

விஷயம் உண்மைதான். சியர்ஸ் ரோபக் என்பது சிகாகோவில் இருந்த கேட்டலாக் கம்பெனி. ஊசி, நூலில் ஆரம்பித்து தையல் மிஷின், சமாதிக் கல் வரை தபாலில் விற்றவர்கள். அமெரிக்காவில் 1896-ல் கிராமத்து வீடுகளுக்கே தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு ஆரம்பித்ததும் இவர்கள் காட்டில் மழை. ஆனால் கட்டட சாமான் பிரிவு மட்டும் நஷ்டத்தில் ஓடியது. அதை இழுத்து மூடச் சொல்லி ஃபிராங்க் குஷெல் என்பவரிடம் ஒப்படைத்தார்கள். அதுவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தது பீங்கான் சாமான் பிரிவு. அவரோ, தனித்தனியாக விற்பதற்குப் பதில் முழு வீட்டையும் சேர்த்தே விற்றால் என்ன என்று கேட்டார். 1908-ல் முதல் வீட்டுக் கேட்டலாக் வந்தது. 44 மாதிரிகள், 360 டாலரிலிருந்து 2,890 டாலர் வரை.

பிடித்த படத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் அனுப்பினால் ரயிலில் சரக்குப் பெட்டி வரும். உத்தரம், பலகை, கதவு, ஜன்னல், ஓடு, கீல், பெயிண்ட், ஆணி எல்லாம் அதில். ஆணி மட்டும் சுமார் 750 பவுண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் மரத்தை நீளமாகத்தான் அனுப்பினார்கள், ஊர் ஆசாரி அறுத்துக்கொள்ள வேண்டும். 1910-களின் நடுவில் எல்லாவற்றையும் அளவாக அறுத்து எண் போட்டு அனுப்ப ஆரம்பித்தார்கள். சாதாரண முறையில் 583 மணி நேர ஆசாரி வேலை பிடிக்கும் வீடு, அறுத்து வந்த மரத்தில் 352 மணி நேரத்தில் முடிந்தது என்று கேட்டலாகிலேயே விளம்பரம் செய்தார்கள். செங்கல், சிமெண்ட் மட்டும் உள்ளூரில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒயரிங், குழாய், ஹீட்டர் எல்லாம் தனிக் காசு.

இந்த வியாபாரத்தில் சியர்ஸ் முதல் ஆள் இல்லை. மிச்சிகனில் பே சிட்டி என்ற ஊரில் வில்லியம், ஓட்டோ சாவரின் என்ற சகோதரர்கள் 1906-லேயே அலாடின் கம்பெனியை ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சுவர்ப் பலகையில் ஒரு கணு கண்டுபிடித்தால் ஒரு டாலர் தருகிறோம் என்று சவால் விட்டவர்கள் இவர்கள். இதுபோக மான்ட்கோமரி வார்டு, லூயிஸ், ஸ்டெர்லிங், அயோவாவில் டேவன்போர்ட் ஊரின் கார்டன் வான் டைன் என்று ஒரு கூட்டமே இருந்தது. பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' (1920) படம் இந்த வீட்டை வைத்துத்தான். புது மாப்பிள்ளை மேல் கடுப்பில் இருப்பவன் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிட, வீடு கோணல்மாணலாக எழும்பும். என் மகளுக்கு அப்போது இரண்டு வயசு. சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "மரத்துலயா வீடு? கரையான் வராதா? பொண்ண வச்சுக்கிட்டு அங்க ஏண்டா இருக்க?" கரையானும் அங்கே உண்டு என்பதை நான் சொல்லவில்லை.

பெரியவருக்கு ஒரே ஆசை. 1950-களில் அவருடைய அப்பா வீட்டைச் சுற்றி அடித்த அலுமினியத் தகட்டைப் பிடுங்கிவிட்டு, தாத்தா கட்டிய மரச்சுவரை வெளியே கொண்டுவர வேண்டும். சனிக்கிழமைகளில் நானும் கூடப் போய் நிற்க ஆரம்பித்தேன். முதலில் ஏணி பிடித்தேன், பிறகு கடப்பாரை பிடித்தேன். தகட்டுக்குள் மரம் நன்றாகத்தான் இருந்தது. நூற்றாண்டுகள் நின்று மெதுவாக வளர்ந்த காட்டு மரம், வளையங்கள் அவ்வளவு நெருக்கம். புது ஆணியை அடித்தால் ஆணிதான் வளைந்தது.

பயம் வேறு இடத்தில் இருந்தது. 1978-க்கு முன்னால் அங்கே வீட்டுப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். தூசி குழந்தைகள் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவருக்கு இது தெரியும், உலர்ந்த பெயிண்டைச் சுரண்டவே விடமாட்டார். தண்ணீர் தெளித்து, தரையில் பிளாஸ்டிக் விரித்துத்தான் வேலை. ஆனாலும் தங்கமணி ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது. அதன் பிறகு வேலை நடக்கிற நாளில் அம்மாவும் பெண்ணும் வீட்டில் இருப்பதில்லை, நான் குளிக்காமல் மாடி ஏறக் கூடாது என்று சட்டம்.

ஜன்னல்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மேலும் கீழும் நகரும் ஜன்னல். சட்டத்துக்குள் ஒளித்து வைத்த கயிற்றில் இரும்பு எடைக்கல் தொங்கும், கிணற்று ராட்டினம் மாதிரி. அதனால்தான் இவ்வளவு கனமான ஜன்னலை ஒரு விரலால் தூக்க முடியும், விட்ட இடத்தில் நிற்கும். கயிறு அறுந்ததும் பலர் ஜன்னலையே கடாசிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டிவிடுகிறார்கள். பெரியவருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே கோபம் வரும். நான் அவர் கட்சி. ஒரு கயிறு மாற்ற எனக்கு ஒரு மதியம் பிடித்தது, செலவு சில டாலர்தான். கண்ணாடியைப் பிடிக்கும் மக்கைக் கட்டைவிரலால் தேய்த்து இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். நான் இழுத்தது எல்லாம் புற்று மண் மாதிரிதான் வந்தது.

இதற்கு நடுவில் அவருக்குத் தாத்தா வீட்டின் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சியர்ஸ் தன் மாதிரிகளுக்கு மேக்னோலியா, வலோனியா, வினோனா என்று பெயர் வைத்திருந்தது. இதில் எந்த வீடு? கம்பெனியைக் கேட்க வழியில்லை. 1940-ல் வீட்டு வியாபாரத்தை மூடியவர்கள், விற்பனைக் கணக்குகளையும் பிற்பாடு அழித்துவிட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் மேல் விற்றிருப்பார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எந்த ஊரில், எந்தத் தெருவில் என்பதை வீட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நிலவறையில் இறங்கி டார்ச் அடித்து, உத்தர நுனிகளில் எழுத்தும் எண்ணுமாக முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பத்திர ஆபீஸ். 1911 முதல் சியர்ஸ் வீட்டுக்குக் கடனும் கொடுத்தது. அந்த அடமானப் பத்திரங்களில் வாக்கர் லூயிஸ், நிக்கலஸ் வீலண்ட் போன்ற டிரஸ்டிகளின் பெயர் இருக்கும். (பெருமந்தத்தில் அதுவே வினையாகிவிட்டது. வாடிக்கையாளர்களுடைய வீட்டையே ஜப்தி செய்ய வேண்டிய நிலை. 1934-ல் 1.1 கோடி டாலர் கடன்களை முடித்துக் கணக்கை மூடினார்கள்.)

நிலவறையில் முத்திரை இல்லை. கேன் கவுண்டி பதிவு ஆபீஸ் ஜெனீவாவில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து இல்லைங்க, இலினாய் ஜெனீவா. லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாட்ச் ஃபேக்டரித் தொழிலாளியான தாத்தா உள்ளூர் வங்கியில்தான் கடன் வாங்கியிருந்தார். "ரொக்கமாக வாங்கியவர்களும் உண்டே" என்றார் பெரியவர், கார் கதவைச் சாத்தியபடி.

நடுவில் ஒரு வாரக் கடைசியில் கார்லின்வில் போய் வந்தோம். தெற்கே நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். 1918-ல் இண்டியானா ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக சியர்ஸிடம் மொத்தமாக 192 வீடு வாங்கியது. சுமார் பத்து லட்சம் டாலர் ஆர்டர். அதில் 156 கார்லின்வில்லில், எட்டே எட்டு மாதிரிகள். 1920-களின் நடுவில் சுரங்கம் மூடிவிட, வீடுகள் பல வருஷம் காலியாகக் கிடந்து பிறகு அடிமாட்டு விலைக்குப் போயின. பக்கத்தில் ஷோப்பர் என்ற சுரங்க ஊரில் இருந்தவற்றைக் கழற்றியே எடுத்துவிட்டார்கள். கார்லின்வில்லில் நூற்றைம்பதுக்கும் மேல் இன்னமும் நிற்கின்றன. ஒரே அச்சில் வார்த்த வீடுகள் எண்பது தொண்ணூறு வருஷத்தில் எப்படி ஆளுக்கொரு முகமாகிவிடும் என்பதை அங்கே பார்க்கலாம். ஒன்றில் போர்ச்சை அடைத்து அறையாக்கியிருந்தார்கள், ஒன்றில் கல் ஒட்டியிருந்தார்கள். பெரியவர் தெருத்தெருவாக நடந்து எல்லா வீட்டையும் பார்த்தார். தன் வீடு மாதிரி ஒன்று இல்லை.

அடுத்த மாதம் எங்கள் படுக்கையறை ஜன்னலில் கயிறு மாற்ற ஓரச் சட்டத்தை நெம்பி எடுத்தேன். பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழுப்பேறிய காகிதம், அவருடைய தாத்தா பெயர், எல்ஜின் ரயில் நிலையம். அனுப்பியவர்: கார்டன் வான் டைன், டேவன்போர்ட், அயோவா.

கீழே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு லைப்ரரியிலிருந்து அந்தக் கம்பெனியின் 1923 கேட்டலாகின் மறுபதிப்பை வாங்கி வந்தோம். அதில் வீடுகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒரு பக்கத்தில் எங்கள் வீடு இருந்தது. மாடிப்படித் திருப்பம், சமையலறை மூலையில் அலமாரி, எல்லாம் அச்சு அசல். வார்டு கம்பெனி விற்ற வீடுகளுக்கும் மரம் டேவன்போர்ட்டிலிருந்துதான் போனது, அதனால் தாத்தா எந்தக் கேட்டலாகைப் பார்த்து ஆர்டர் செய்தார் என்பதை அடித்துச் சொல்ல முடியாது. சியர்ஸ் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அங்கே தபாலில் வந்த வீடு எல்லாமே சியர்ஸ்தான். நம் ஊரில் வனஸ்பதி எல்லாமே டால்டா என்கிற மாதிரி. தாத்தா பொய் சொல்லவில்லை, சுற்றியிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு அப்பா சொல்லியிருக்கிறார், அப்பா சொன்னதை இவர் பலகையில் செதுக்கிவிட்டார். அந்த வாரம் பெரியவர் வேலைக்கே வரவில்லை. அவருடைய மகள் கலிஃபோர்னியாவிலிருந்து ஃபோனில், பலகை இருந்துவிட்டுப் போகட்டும், நாளைக்கு விற்கும்போது சியர்ஸ் என்றால் கூட நாலு காசு வரும் என்றாளாம். மறு சனிக்கிழமை காலையில் நான் கீழே இறங்கியபோது போர்ச்சில் நாலு ஆணி ஓட்டைதான் இருந்தது. "தாத்தா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். அந்தச் சீட்டைப் படித்திருப்பார்," என்றார்.

அந்த வாரத்தில்தான் அண்ணனின் ஃபோன். மன்னார்குடி பக்கம் எங்கள் ஓட்டு வீடு. அப்பா போன பிறகு யாரும் இல்லை, மழைக்கு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மரத்துக்கு மட்டும் ஆள் வந்திருக்கிறார், மொத்தமாகக் கேட்கிறார், என்ன சொல்கிறாய்? நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்துகொண்டு என்ன சொல்வது, கூரை மாற்ற நானா வரப்போகிறேன்? சரி என்றேன். இரண்டு நாளில் தூண், உத்தரம், நிலை, கதவு எல்லாம் லாரி ஏறிவிட்டது. காரைக்குடிக்குப் போயிருக்கலாம் என்றான் அண்ணன். செட்டிநாட்டு வீடுகளே அங்கே தூண் தூணாக விலைக்கு நிற்கும்போது எங்கள் வீட்டுத் தூணை யார் கண்டார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் சில வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அந்த யோகம் இல்லை. எந்தக் கட்டையிலும் எண்ணோ பெயரோ இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த வீட்டில் இருபது வருஷம் வளர்ந்தவன், ஒரு ஜன்னலின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது டில்லியில் ஜங்புரா வழியாகப் போகும்போது இன்னொரு கதை நினைவுக்கு வரும். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனார், 1948-ல் இந்திய அரசின் வீட்டு வசதி இயக்குநர். பிரிவினை அகதிகளுக்கு வீட்டைத் துண்டு துண்டாக வார்த்துப் பூட்டலாம் என்று இங்கே ஓர் அரசுத் தொழிற்சாலை வைத்தார்கள். கான்கிரீட் பலகைகள் சரிவராமல் திட்டம் படுத்துவிட்டது, 1951-ல் அவரும் இந்தியாவைவிட்டுப் போய்விட்டார். தொழிற்சாலை மட்டும் பெயர் மாறி வேறு கான்கிரீட் சாமான்கள் செய்து பிழைத்தது. கொத்தனார் கூலி மலிவான நாட்டில், அதிலும் அவரவர் வாஸ்துப்படி சுவரைத் தள்ளி வைக்கச் சொல்லும் நாட்டில், கேட்டலாக் வீடு ஓடியிருக்குமா என்பது என் சந்தேகம்.

2007-ல் கிளம்பும்போது பெரியவர் எங்களுக்கு ஓர் எடைக்கல் கொடுத்தார். எங்கள் படுக்கையறை ஜன்னலில் ஒரு ஜோடி உடைந்து, புதிதாக மாற்றியபோது மிச்சமானது. ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது என்ன ஆயுதம் என்று கேட்டார்கள். ஜன்னல் என்றேன், புரியவில்லை. தங்கமணிதான் கையை மேலும் கீழும் ஆட்டி விளக்கினாள். மே மாசம் லூ காற்று அடிக்கும்போது எங்கள் பால்கனிக் கதவுக்கு அதைத்தான் முட்டுக் கொடுக்கிறோம்.