கம்பத்துக்கு வெளியே போன பந்து

1968 மே 11, சனிக்கிழமை. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 87,100 பேர் கூடியிருந்தார்கள். ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பையின் இறுதி ஆட்டம். லீட்ஸ் அணியும் வேக்ஃபீல்டு டிரினிட்டி அணியும் மோதின. ஆட்டம் தொடங்குமுன்னே கொட்டத் தொடங்கிய மழை இடைவேளையிலும் விடவில்லை. புல்தரை குளமானது. ஓடியவன் நிற்க நினைத்தால் பத்தடி வழுக்கிப் போய்த்தான் நின்றான். விழுந்தவனைச் சுற்றித் தண்ணீர் விசிறியடித்தது. ‘வாட்டர்ஸ்பிளாஷ் ஃபைனல்’ என்ற பெயர் அந்த ஆட்டத்துக்கு அப்படியே நிலைத்துவிட்டது.

கடைசி நிமிடம். லீட்ஸ் 11, டிரினிட்டி 7. டிரினிட்டியின் டான் ஃபாக்ஸ் பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கினார். தண்ணீரில் சறுக்கிய பந்தைப் பிடிக்க லீட்ஸ் வீரர்கள் தடுமாற, டானின் சக வீரர் கென் ஹர்ஸ்ட் அதைக் காலாலேயே தட்டி ஓட்டிப் போய், கோல் கம்பங்களுக்குக் கீழே அதன்மேல் விழுந்தார். ட்ரை! அந்தக் காலக் கணக்கில் 3 புள்ளி. 11–10. இனி அந்த ட்ரைக்குரிய கன்வெர்ஷன் உதை ஒன்றுதான் பாக்கி. கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் 2 புள்ளி, கோப்பை வேக்ஃபீல்டுக்கு.

உதைக்க வந்தவர் அதே டான் ஃபாக்ஸ். உதை ஏறக்குறைய கம்பங்களுக்கு நேர் எதிரே. பள்ளிப் பையன்கூட அடித்துவிடுவான் என்று சொல்லத்தக்க இடம். பந்தை நிறுத்த இன்றுபோல் பிளாஸ்டிக் தாங்கிகள் இல்லாத காலம் அது. குதிகாலால் மண்ணைக் கிளறி, அந்தக் குழியில்தான் தோல் பந்தை நிமிர்த்தி வைப்பார்கள். டான் பந்தை வைத்தார், பின்வாங்கினார், ஓடிவந்து உதைத்தார். பந்து கோணிக்கொண்டு வலது கம்பத்துக்கு வெளியே போனது. சேற்றில் சரிந்த அவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்த பிபிசியின் வர்ணனையாளர் எடி வேரிங்கின் குரலே இரக்கத்தில் தழுதழுத்தது.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். டான் ஃபாக்ஸுக்கு நேர்ந்த அநியாயமும் இங்கேதான் தொடங்குகிறது.

இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கு லான்ஸ் டாட் விருது தருவது 1946 முதல் வழக்கம். ரக்பி லீக் செய்தியாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அன்று அவர்கள் ஓட்டுப் போட்டது அந்தக் கடைசி உதைக்கு முன்னால். அவர்கள் எழுதிய பெயர் டான் ஃபாக்ஸ். கால் நிற்காத அந்தத் தரையில் இரு அணிகளிலும் அவரைவிட நன்றாக ஆடியவர் எவருமில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. டிரினிட்டியின் அந்தப் 10 புள்ளிகளில் 4 அவர் அன்று அடித்த இரண்டு கோல்களால் வந்தவை. வழக்கமாகக் கோல் உதைக்கும் தம்பி நீல் ஃபாக்ஸ் காயத்தால் ஆட முடியாமல் போனதால்தான் அந்தப் பொறுப்பே அண்ணன் தோளில் ஏறியது.

வேக்ஃபீல்டுக்கு அருகே உள்ள ஷார்ல்ஸ்டன் என்ற சிறிய சுரங்கக் கிராமம் பெற்ற பிள்ளைகள் இவர்கள்: பீட்டர், டான், நீல் என்று மூன்று சகோதரர்கள். நிலக்கரியும் ரக்பியும்தான் அந்த ஊரின் வாழ்க்கை. டான் முதலில் பக்கத்து ஊர் அணியான ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸுக்கு ஆடினார். அங்கே அவர் குவித்த 162 ட்ரைகள் அந்த அணியின் சாதனை. 1962இல் ஆஸ்திரேலியப் பயணம் போன பிரிட்டன் அணியிலும் இருந்தார். 1965இல் டிரினிட்டிக்கு வந்தார்.

தம்பி நீல் உலகக் கணக்கையே மாற்றியவர். 1956 முதல் 1979 வரை 6,220 புள்ளிகள். ரக்பி லீக் வரலாற்றில் அவ்வளவு எடுத்தவர் வேறு யாருமில்லை. 1960 சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் டிரினிட்டி ஹல் அணியை 38–5 என்று நொறுக்கியபோது, அதில் 20 புள்ளி அவருடையது. 1962இல் ஹடர்ஸ்ஃபீல்டை 12–6 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு ட்ரையும் மூன்று டிராப் கோல்களும் போட்டு லான்ஸ் டாட் விருதையும் வாங்கினார். அடுத்த ஆண்டும் கோப்பை டிரினிட்டிக்கே. விகன் 25–10 என்று தோற்றது.

இத்தனை வெற்றிக்கும் அடியில் இருந்தது ஒரு பழைய கூலித் தகராறு. ஹோலி டிரினிட்டி தேவாலயத்து இளைஞர்கள் 1873இல் தொடங்கிய சங்கம்தான் டிரினிட்டி. சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத்திலும் ஆலையிலும் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டப் பணம் தரலாமா கூடாதா என்ற சண்டையில், 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திச் சங்கங்கள் கூடித் தனியாகப் பிரிந்தன. அவற்றில் டிரினிட்டியும் ஒன்று. ரக்பி லீக் என்ற ஆட்டமே அந்தப் பிரிவில் பிறந்ததுதான். 1906இல் அணிக்கு 13 பேர் என்று குறைத்து, ஆட்டத்தை வேகப்படுத்தினார்கள்.

சுரங்கமும் ரக்பியும் கலந்த இந்த உலகத்தை இலக்கியத்துக்குக் கொண்டுபோனவரும் வேக்ஃபீல்டில் பிறந்தவர்தான். சுரங்கத் தொழிலாளியின் மகனும் லீட்ஸ் அணியில் ஆடியவருமான டேவிட் ஸ்டோரி எழுதிய நாவல் 1963இல் ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’ என்ற திரைப்படமானது. அதன் ஆட்டக் காட்சிகளில் பல டிரினிட்டியின் சொந்த மைதானமான பெல் வியூவில் எடுக்கப்பட்டவை.

சரி, டானின் உதையை எடைபோடுமுன் 1946க்குப் போவோம். போர் முடிந்த அடுத்த ஆண்டு. அதே வெம்ப்ளி, அதே கோப்பை. டிரினிட்டிக்கு எதிரே விகன். விகன் நான்கு ட்ரை போட்டது, 12 புள்ளி. டிரினிட்டி மூன்றுதான் போட்டது. ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் பில்லி ஸ்டாட் தூரத்திலிருந்து அடித்த பெனால்டி கோல் 13–12 என்று கோப்பையைப் பறித்துக்கொண்டது. முதல் லான்ஸ் டாட் விருதும் அவருக்கே.

விகனின் 12 புள்ளியைப் பிரித்துப் பாருங்கள். நான்கு ட்ரைக்கு நான்கு மூன்று பன்னிரண்டு. அதாவது, நான்கு கன்வெர்ஷன்களில் ஒன்றுகூடக் கம்பங்களுக்கு நடுவே போகவில்லை. ஒன்று போயிருந்தாலும் கோப்பை விகனுக்கு. 1968இல் தவறியது ஒரு உதை. 1946இல் தவறியவை நான்கு. அந்த நான்கைத் தவறவிட்டவர் யார் என்று கேட்டால், ஆட்டத்தை விரும்புகிறவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? 1946இல் வெம்ப்ளியில் தொலைக்காட்சிக் காமிரா இல்லை. 1968இல் இருந்தது. டான் ஃபாக்ஸின் சறுக்கலை நாடே கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஃபெதர்ஸ்டோனில் அவர் போட்ட 162 ட்ரைகளில் ஒன்றுக்காவது அந்த வாய்ப்புக் கிடைத்ததா?

இன்னொன்றையும் அந்தத் தொலைக்காட்சிப் படச்சுருள் சொல்வதில்லை. வெம்ப்ளிக்கு ஒரு வாரம் முன்னால்தான், மே 4 அன்று, டிரினிட்டி ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை 17–10 என்று வீழ்த்தி லீக் சாம்பியன் ஆகியிருந்தது. முந்தைய ஆண்டும் அதுவே சாம்பியன். செயின்ட் ஹெலன்ஸுடன் 7–7 என்று சமனில் முடிந்து, மறு ஆட்டத்தில் 21–9 என்று வென்று வாங்கிய பட்டம். டான் அன்று வெம்ப்ளியில் இறங்கியது நாட்டின் சாம்பியன் அணிக்காக.

அண்ணன் பீட்டர் பயிற்சியாளரானார். 1973இல் ஃபெதர்ஸ்டோனுக்குச் சேலஞ்ச் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்; பின்னர் பிரிட்டன் அணிக்கும் பயிற்சி அளித்தார். டிரினிட்டி 1979இல் மறுபடி வெம்ப்ளிக்குப் போய் விட்னஸிடம் 12–3 என்று தோற்றது. அன்றும் லான்ஸ் டாட் விருது தோற்ற பக்கத்துக்கே வந்தது, டேவிட் டாப்லிஸுக்கு. டான் ஃபாக்ஸ் 2008இல் காலமானார்.

2023இல் உயர்மட்ட லீகான சூப்பர் லீகிலிருந்து இறங்கிய டிரினிட்டி, 2024 ஜூனில் வெம்ப்ளியில் ஷெஃபீல்டு ஈகிள்ஸை 50–6 என்று வென்றது. 1963க்குப் பிறகு அந்த மைதானத்தில் வேக்ஃபீல்டு பெற்ற முதல் வெற்றி அது. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்தின் ஆண்டைப் பெயராகத் தாங்கிய 1895 கோப்பை அன்று அவர்கள் கையில் இருந்தது.