வள்ளி திருமணம்: மேடையும் திரையும்

இராமநாதபுரச் சீமையின் ஊர்களில் கோயில் திருவிழா என்றால், ஓர் இரவை நாடகத்துக்கென ஒதுக்குவது நெடுநாளைய வழக்கம். அந்நாடகம் பெரும்பாலும் வள்ளி திருமணமாகவே இருக்கும். கதை, கூடியிருக்கும் அனைவரும் அறிந்ததே. ஆயினும் விடியும்வரை மக்கள் அமர்ந்து கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள். இதே கதை வெள்ளித்திரையில் ஒருமுறை பெருவெற்றி கண்டது. பின்னர் புகழ்மிக்க நடிகர்களைக் கொண்டு மறுபடி எடுத்தபோது தோல்வியுற்றது. இது ஏன் என்று ஆராய்வது கலை வரலாறு பயில்வோருக்குப் பயன் தரும்.

முருகன் வள்ளியை மணந்த செய்தி நற்றிணையிலும் பரிபாடலிலும் குறிக்கப்படும் அளவுக்குப் பழமையானது. கந்தபுராணம் இத்திருமணத்தோடுதான் நிறைவு பெறுகிறது. ஆனால் இது பக்திக் கதை மட்டுமன்று. ஒரு குடும்பத்துக் கல்யாண வேடிக்கையுமாகும். மணமகன் வேடனாக வருகிறான். பெண்ணின் உறவினர் வந்ததும் வேங்கை மரமாக நிற்கிறான். பின்பு தள்ளாடும் கிழவனாகித் தினைமாவும் தண்ணீரும் கேட்கிறான். தினைப்புனம் காக்கும் பெண்ணோ எளிதில் மசிபவள் அல்லள். கடைசியில் அண்ணன் விநாயகன் யானையாக வந்து தம்பிக்குத் துணை செய்யவேண்டியிருக்கிறது. சினந்தெழுந்த தந்தை நம்பிராசனே முடிவில் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிறான்.

இக்கதையை மேடைக்கு உரிய வடிவில் அமைத்துத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவருடைய பாடல்களை ஆதாரமாகக் கொண்டே ஸ்பெஷல் நாடகம் நடைபெறுகிறது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. பாட்டும் கதைப்போக்கும் இருவருக்கும் மனப்பாடம். தர்க்கமோ அன்றைய இரவில் பிறப்பது. நாரதரும் வள்ளியும், பின்னர் வேடனும் வள்ளியும் சொல்லுக்குச் சொல் மோதும்போது, யார் யாரை மடக்குவார் என்பது சபைக்கும் தெரியாது; நடிப்பவர்க்கும் தெரியாது. பழைய கதை புதிதாவது அங்கேதான்.

திரைப்படம் இக்கதையை விரைவிலேயே எடுத்துக்கொண்டது. 1933இல் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் தயாரித்த வள்ளி திருமணத்தில் டி. பி. ராஜலட்சுமி நடித்தார். 1945இல், அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பன், ஸ்ரீ வள்ளியை வெளியிட்டார். குமாரி ருக்மிணி வள்ளியாகவும், மேடையில் வளர்ந்த டி. ஆர். மகாலிங்கம் முருகனாகவும் நடித்தனர். ருக்மிணியின் பாடல்கள் மனநிறைவு தராமையால், பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பதிவு செய்து உதட்டசைவோடு பொருத்தினார் மெய்யப்பன். மகாலிங்கமோ தம் உச்சக் குரலில் தாமே பாடினார். மேடையின் உயிர்நாடி அறுபடவில்லை. படம் தமிழ்நாடெங்கும் வெற்றி முழங்கியது.

1961இல் டி. ஆர். ராமண்ணா அதே பெயரில் அக்கதையை மீண்டும் படமாக்கினார். சிவாஜி கணேசன் முருகன், பத்மினி வள்ளி. முன்னைய முருகனான மகாலிங்கமே இதில் நாரதர். இத்தனை பேர் கூடியும் படம் ஏமாற்றமே தந்தது. காலம் மாறியதுதான் காரணம் என்பார் சிலர். அதே ஆண்டில் பாவமன்னிப்பும் பாசமலரும் பெருவெற்றி அடைந்தன. மக்கள் சமூகக் கதைகளில் மனம் தோய்ந்திருந்தனர் என்பது உண்மை. ஆனால் அஃது ஒன்றே காரணமாயின், 1965இல் ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல் எப்படி வென்றது? அதிலும் நாயகர் சிவாஜி கணேசனே. அதுவும் புராணக் கதையே.

திருவிளையாடலை உற்று நோக்கினால் விடை புலப்படும். அதில் நக்கீரரோடு நிகழும் சொற்போர் உண்டு. தருமியாக நாகேஷ் நிகழ்த்தும் நகைச்சுவை உண்டு. பாணபத்திரராக வந்து மகாலிங்கம் தம் குரலில் பாடும் பாட்டு உண்டு. தர்க்கம், சிரிப்பு, சொந்தக் குரல் என்ற மேடையின் மூன்று செல்வங்களும் அங்கே புதுக்கோலம் பூண்டன. சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் பயின்றவர் நாகராஜன் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். 1961இன் முருகனுக்கோ பாட்டு இரவற் குரலில் அமைந்தது. பாடிப் பாடியே வள்ளியை வெல்லவேண்டியவனுக்கு அஃது ஒரு சிறு குறையன்று. நடிகர் திலகத்தின் ஆற்றல் குறைந்ததென்று கூறுவதற்கில்லை. அவ்வாற்றலுக்கு ஏற்ப அக்கதை மீண்டும் வார்க்கப்படவில்லை என்பதே என் துணிபு.

மாணவ நேயர்களே! முன்னோர் விட்டுச்சென்ற கதையை நாமும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பெயரையும் வேடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வாழவைத்த தொழில்முறையை மறந்துவிடலாகாது. உங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நடந்தால், பபூன் வந்து போனதும் எழுந்து வீடு திரும்பிவிடாதீர்கள். தர்க்கம் முடியும்வரை இருந்து கேளுங்கள். அன்றைக்கு அந்த இருவர் புதிதாகச் சொன்னவற்றை ஓர் ஏட்டில் குறித்துவையுங்கள். மறுநாள் இரவு வேறோர் ஊரில் அவை அப்படியே திரும்ப வருவதில்லை.