சகவாசத் தாக்கம்: அளவிடும் முயற்சியின் வரலாறு

ஒருவரது நடத்தையோ அடைவோ அவரோடு பழகுவோரால் மாறுவதைப் பொருளியலில் சகவாசத் தாக்கம் என்பர். வகுப்புத் தோழர், அறைத்தோழர், அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்வோர் எல்லோரும் இதில் அடக்கம். பையன் தேர்வில் கோட்டை விட்டால் ‘சேர்க்கை சரியில்லை’ என்று வீட்டில் சொல்வார்கள். அந்தச் சேர்க்கை அவனைக் கெடுத்ததா, கெடப்போகிறவன் அந்தச் சேர்க்கையைத் தேடிப் போனானா என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான்.

முதல் பெரிய கணக்கெடுப்பைப் பொருளியலாளர் நடத்தவில்லை. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆணைப்படி, சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966இல் அறிக்கை தந்தது. கட்டடம், நூலகம், ஆய்வகம் ஆகியவற்றைவிடக் குடும்பப் பின்னணியும் உடன் படிப்போரின் பின்னணியும் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப் போயின. கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளை ஒரே பள்ளியில் சேர்க்க வாதாடியவர்களுக்கு இது பெரிய ஆயுதமானது. ஒட்டிப் போவது வேறு, உண்டாக்குவது வேறு என்ற எச்சரிக்கை அந்தச் சூட்டில் எடுபடவில்லை.

கோட்பாடு பின்னால் வந்தது. தாமஸ் ஷெல்லிங் சதுரங்கக் கட்டங்களில் இருவகைக் காசுகளைப் பரப்பி, அக்கம்பக்கத்தில் தன் இனத்தார் ஓரளவு இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள்கூடக் கடைசியில் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிந்துவிடுவதை 1971இல் காட்டினார். கேரி பெக்கர் 1974இல் சமூக ஊடாட்டத்துக்கு ஒரு கோட்பாடு வகுத்தார். அளவீடு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

1993இல் சார்லஸ் மான்ஸ்கி எழுதிய கட்டுரை, அதுவரை போட்ட கணக்குகள் பலவற்றின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டது. ஒரு வகுப்பில் பலருடைய மதிப்பெண் ஒன்றுபோல் இருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம் என்றார். பக்கத்தில் இருப்பவன் படிப்பதைப் பார்த்து இவனும் படிக்கிறான் என்பது ஒன்று. தோழர்களின் பெற்றோர் படித்தவர்கள், அந்தப் பின்னணியின் பலன் இவனுக்கும் கிடைக்கிறது என்பது இன்னொன்று. மூன்றாவதில் சகவாசத்துக்கு வேலையே இல்லை: எல்லோருக்கும் ஒரே நல்ல ஆசிரியர் வாய்த்திருக்கிறார், அல்லது ஒரே மாதிரிக் குடும்பங்கள் ஒரே பள்ளியைத் தேடி வந்திருக்கின்றன. இவற்றில் முதல் வகைதான் குட்டி போடும். ஒருவனுக்கு டியூஷன் வைத்தால் அவனைப் பார்த்துப் பக்கத்தவனும் தேறுவான், அதைப் பார்த்து முதலாமவன் இன்னும் முன்னேறுவான். அரசின் பணம் எங்கே போக வேண்டும் என்பது ஆகவே இந்த வேறுபாட்டில் இருக்கிறது. ஆனால் குழுவின் சராசரியோடு தனியாளை ஒப்பிடும் கணக்கால் இவற்றைப் பிரிக்க முடியாது. அந்தச் சராசரியை ஆக்கியவர்களில் அவனும் ஒருவன். கண்ணாடி முன் நிற்பவரும் பிம்பமும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினால், கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவருக்கு யார் யாரை ஆட்டுகிறார் என்று எப்படித் தெரியும்? மான்ஸ்கியே சொன்ன உவமை இது. ‘பிரதிபலிப்புச் சிக்கல்’ என்ற பெயர் இதிலிருந்து நிலைத்தது.

தப்பிக்க ஒரு வழி, நட்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறித்துக் குலுக்கலிடம் கொடுப்பது. டார்ட்மத் கல்லூரி விடுதியில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேர்பவர்கள் ஒரு படிவத்தில் புகைபிடிப்பீர்களா, இரவு வெகுநேரம் விழித்திருப்பீர்களா, படிக்கும்போது பாட்டுக் கேட்பீர்களா, பொருள்களை ஒழுங்காக வைப்பீர்களா என்று பதில் தருவார்கள். ஒரே மாதிரி பதில் தந்தவர்களுக்குள் அறைத்தோழர் யார் என்பது குலுக்கல்தான். புரூஸ் சாசர்டோட் அந்தப் பதிவேடுகளை எடுத்து 2001இல் கட்டுரையாக்கினார். அறைத்தோழர் மதிப்பெண்ணின் பாதிப்பு தெரிந்தது, ஆனால் சிறிதாக. மாணவர் சங்கங்களில் சேரும் முடிவில் அது நன்றாகவே தெரிந்தது. எந்தப் பாடத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது என்பதில் அறைத்தோழர் பேச்சு எடுபடவில்லை.

வேலையிடத்தில் நடந்தவற்றில் நினைவில் நிற்பது அலெக்சாந்தர் மாஸ், என்ரிகோ மொரெட்டி இருவரின் 2009 ஆய்வு. அமெரிக்க சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒன்றில் பில் போடும் ஊழியர்கள் ஒவ்வொரு பொருளையும் ஸ்கேன் செய்த நேரம் கணினியில் பதிவாகியிருந்தது. உடன் இருப்போரின் சராசரித் திறன் 10 சதவீதம் கூடினால் ஒருவரது வேகம் 1.5 சதவீதம் கூடியது. கவுண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசை நோக்கி இருந்தன. முன்னால் இருக்கும் சூரரைப் பார்த்து யாரும் வேகமெடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு தன்னைப் பார்க்கக்கூடிய சூரருக்குத்தான் கை விரைந்தது.

எல்லா ஆய்வும் இவ்வளவு கவனமாக இல்லை. நண்பர் பருமனானால் நாமும் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடும் என்று கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் இருவரும் 2007இல் அறிவித்தது உலகெங்கும் செய்தியானது. மறு ஆண்டே கோஹன்-கோல், ஃபிளெச்சர் என்ற இரு பொருளியலாளர்கள் அதே பாணிக் கணக்கைப் பள்ளி மாணவர் தரவில் போட்டார்கள். முகப்பரு, தலைவலி, உயரம் மூன்றும் நண்பர்களிடையே ‘தொற்றின’. உயரம் தொற்றுமென்றால் கணக்கில் கோளாறு.

இத்துறைக்குக் கிடைத்த பலத்த அடி கொலராடோவில் உள்ள அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் விழுந்தது. அங்கே முதலாண்டு மாணவர்கள் சிறு படையணிகளாகப் பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் தம் அணிக்குள்ளேயே உண்டு, உறங்கிப் படிப்பார்கள். பழைய பதிவுகளின்படி, படிப்பில் பின்தங்கியோருக்கு நன்றாகப் படிப்போர் அருகில் இருப்பது உதவியது. இதை நம்பிக் கேரல், சாசர்டோட், வெஸ்ட் மூவரும் பின்தங்கியோரையும் முன்னணியினரையும் ஒரே அணியில் இட்டு, நடுத்தரத்தினரைத் தனி அணிகளாக்கினார்கள். யாரைத் தூக்கிவிடப் போட்ட திட்டமோ, அந்தப் பின்தங்கியோர் வழக்கமான அணிகளில் இருந்த தம் நிகர்களைவிடவும் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். அணியைத்தான் ஆய்வாளர்கள் அமைத்தார்கள். அணிக்குள் யாரோடு உட்கார்ந்து படிப்பது என்பதை மாணவர்கள் தாமே முடிவு செய்து, இரு முனையினரும் தத்தம் வட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். 2013இல் வெளியான இந்தக் கட்டுரையில், தம் திட்டம் கவிழ்ந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே யார் யாரோடு பழகுகிறார்கள் என்பதையே நேரில் கேட்டு எழுதும் முறை வலுத்தது. நண்பரின் நண்பர் எனக்குப் பழக்கமில்லாதவர் என்றால், அவருடைய பின்னணி என்னை வந்தடைய நண்பர் வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பாதையைப் பிடித்தால் பிரதிபலிப்புச் சிக்கலை அவிழ்க்கலாம் என்று பிரமூலேயும் வேறு இருவரும் 2009இல் நிறுவியிருந்தார்கள். அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டுஃப்லோ, மாத்யூ ஜாக்சன் நால்வரும் கர்நாடகத்தின் 75 கிராமங்களில், யார் வீட்டுக்குப் போவீர்கள், அரிசியோ மண்ணெண்ணெயோ தீர்ந்தால் யாரிடம் கைமாற்று வாங்குவீர்கள், யாரோடு கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டு உறவு வரைபடமே போட்டார்கள். அவற்றில் 43 கிராமங்களில் நுண்கடன் நிறுவனம் ஒன்று நுழைந்தபோது, செய்தி கிராமத்தின் எந்தப் புள்ளியில் முதலில் விழுந்தது என்பதைப் பொறுத்துக் கடன் வாங்கியோர் தொகை மாறியது. செய்தி தெரிந்துவிட்ட பிறகு, நண்பர் வாங்கினார் என்பதற்காக இவரும் வாங்கியதாகத் தெரியவில்லை.

அவ்வளவு பெரிய வரைபடம் போடச் செலவு ஏராளம். அதே நால்வர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊருக்குச் செய்தி பரப்பச் சரியான ஆள் யார் என்று ஊர்க்காரர்களையே கேட்டார்கள். ஓர் எண்ணுக்கு இலவசமாக அழைத்துப் பதிந்துகொண்டால் பரிசு என்ற அறிவிப்பைச் சில ஊர்களில் பெரியவர்களிடமும், சிலவற்றில் குலுக்கலில் வந்தவர்களிடமும், சிலவற்றில் ஊரார் சுட்டிய ஆட்களிடமும் சொன்னார்கள். ஊரார் சுட்டிய ஆட்களிடம் சொன்ன ஊர்களிலிருந்துதான் அதிக அழைப்புகள் வந்தன.