ஏலம் விடுவதும் உத்தி பிரிப்பதும்

விற்பவர் ஏலம் விடுகிறார். வாங்க வந்தவர் ஏலம் கேட்கிறார். வென்றவர் ஏலம் எடுக்கிறார். நடுவில் நிற்பவர் ஏலம் கூறுகிறார். பொருள் ஏலம் போகிறது. ஒரே பெயர்ச்சொல்லுக்கு இத்தனை வினைகளைச் சேர்த்துவைத்திருக்கிறோம் என்றால் அந்தச் சொல் நம் வாழ்க்கையில் ஆழமாகப் புகுந்துவிட்டது என்று பொருள். காசிமேட்டில் வஞ்சிரம் ஏலம் போகிறது. கிராமங்களில் ஊராட்சிப் புளியமரமும் குளத்து மீனும் ஏலம் போகின்றன. போடிநாயக்கனூரில் ஏலக்காயே ஏலம் போகிறது. ஆனால் அந்த ஏலத்துக்கும் இந்த ஏலத்துக்கும் உறவில்லை. மணப்பொருளான ஏலம் நம் மலைகளில் விளைந்த பழைய சொல். விற்பனை ஏலம் கடல் தாண்டி வந்தது.

நான் இருக்கும் குமணன்சாவடியில் இந்தச் சொல்லை அதிகம் கேட்பது ஏலச்சீட்டு பிடிப்பவர்களிடம். சீட்டில் இரண்டு வகை. குலுக்கல் சீட்டில் பெயரெழுதிய துண்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளி எடுப்பார். அதாவது, வரவேண்டிய பணத்தில் யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அந்த மாதத் தொகை அவருக்கு. ஒன்றில் முறை முடிவு செய்கிறது, மற்றதில் பணம் முடிவு செய்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை நமக்கு வேண்டியிருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இந்த ஏலத்தைப் போர்ச்சுகீசிய 'லெய்லாவ்' என்ற சொல்லோடு சேர்க்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை வந்த அதே கப்பலில் வந்த சொல். மலையாளத்தில் அது லேலம். தெலுங்கில் வேலம். இந்தியில் நீலாம். மலாயில் லெலோங். லகரம் மொழிமுதலில் வருவதைத் தமிழ் விரும்பாது. இலங்கை, உலோகம் என்று முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்ப்பது வழக்கமான வழி. இங்கே அது நடக்கவில்லை. அடுத்தடுத்து வந்த இரண்டு லகரங்களில் முதலாவதையே நாக்கு உதறிவிட்டது. இந்திக்காரர்களின் நாக்கு அதே லகரத்தை நகரமாக்கிக்கொண்டது.

போர்ச்சுகீசியருக்கும் அது இரவல்தான். அரபியில் 'இஃலாம்' என்றால் அறிவிப்பு. முன்னொட்டோடு 'அல்-இஃலாம்'. இன்றைய அரபியில் அதே சொல் செய்தி ஊடகத்தைக் குறிக்கிறது. ஆக, வேரில் இருப்பது விற்பனை அல்ல, ஊரறியக் கூவுவது. தமிழில் ஏலம் 'கூறுகிறோம்' என்பதில் அந்த வேர் இன்னும் உயிரோடு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 'குடும்ப மானத்தை ஏலம் விடாதே' என்று திட்டும்போதும் யாரும் விலையை நினைப்பதில்லை. நாலு பேர் காதில் விழுகிறதே என்பதுதான் கவலை.

சொல் வருவதற்கு முன்பே பொருள் இங்கே இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'இராசராசப் பெருவிலை', 'சண்டேசுவரப் பெருவிலை' என்ற தொடர்கள் வருகின்றன. நிலத்தை ஊரறிய விலைகூறி விற்பதையே அவை குறிக்கின்றன என்று கல்வெட்டறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். பெருவிலை எவ்வளவு அழகான சொல்! அதைக் கல்லிலேயே விட்டுவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் வந்த சொல்லின் கையில் கறை இருக்கிறது. 1583 முதல் 1588 வரை கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், அங்கே காலைதோறும் நடந்த லெய்லாவைப் பற்றி எழுதியிருக்கிறார். நகரின் பெரிய தெருவில் அரபுக் குதிரைகளும் நறுமணப் பொருள்களும் கூவி விற்கப்பட்டன. அதே தெருவில், அதே குரலில், அடிமைகளும் விற்கப்பட்டார்கள். மனிதரை விலைகூறும் வழக்கம் இந்தச் சொல்லோடு அப்போதே ஒட்டியிருந்தது.

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் முதல் ஐ.பி.எல். ஏலம் நடந்தபோது அந்த ஒட்டு மறுபடி கண்ணில் பட்டது. தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. நாம் கொண்டாடினோம். 2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜித்தாவில் ஏலம் நடந்தது. ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு லக்னோவுக்குப் போனார். அஸ்வினைச் சென்னை 9.75 கோடிக்குத் திரும்ப அழைத்துவந்தது. அரபியில் பிறந்த சொல் அரபு மண்ணுக்கே போனது; அரபியர்கள் இன்று ஏலத்தை 'மசாத்' என்கிறார்கள். தொகையைக் குறித்து எனக்குப் புகார் இல்லை. குறைந்த ஆயுள் கொண்ட தொழிலில் ஆட்டக்காரர்கள் நன்றாகச் சம்பாதிக்கட்டும். ஆனால் பத்து வருடம் வலைப்பயிற்சியில் வியர்த்த ஒருவரை 'விலை போகவில்லை' என்று திரையில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விலை போகாமல் மீந்தது மீனாக இருந்தால் அதற்குக் காது இல்லை.

ஆட்டக்காரர்களை அணிகளில் சேர்க்க வேறொரு வழியும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஒருசிலரில் நானும் ஒருவன். அங்கே ஏப்ரல் கடைசி வாரத்தில் வியாழன் இரவு எட்டு மணிக்கு 'டிராஃப்ட்' தொடங்கும். நமக்கு அது வெள்ளி விடியற்காலை ஐந்தரை. டீக்கடையில் செல்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் எட்டிப் பார்த்த தம்பி ஒருவர் கேட்டார்: "ஏலம்னு சொன்னீங்களே சார், ரேட்டே சொல்ல மாட்றாங்க?"

சரியான கேள்வி. அங்கே ரேட் கிடையாது, அதனால் அது ஏலமும் இல்லை. 32 அணிகள், ஏழு சுற்று, மூன்று நாள். போன பருவத்தில் கடைசியில் நின்ற அணி முதலில் ஆளை எடுக்கும், வென்ற அணி கடைசியில் எடுக்கும். எத்தனையாவதாக எடுக்கப்படுகிறாரோ அதற்கேற்பப் புதுமுகத்தின் சம்பளம் ஏறக்குறைய முன்பே தீர்மானமாகியிருக்கும். ஏரிப் பாசனத்தில் கடைமடை வயலுக்கு முதல் தண்ணீர் திறந்துவிடுவதைப் போன்ற ஏற்பாடு.

அதன் பின்னணியில் ஒரு தோற்றுப்போன முதலாளி இருக்கிறார். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியை நடத்திய பெர்ட் பெல். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் பணக்கார அணிகளுக்கே போய்ச் சேர, தன் அணி தோற்றுக்கொண்டே இருந்ததைப் பார்த்து 1935-இல் இந்த யோசனையைச் சொன்னார். 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் ஒன்பது அணிகள் கூடின. முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறைப் போட்டியில் ஒருநாளும் ஆடவில்லை. ஆனாலும் முறை நிலைத்துவிட்டது. டிராஃப்ட் என்பது 'இழு' என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வேரிலிருந்து வருகிறது. படைக்கு ஆளை இழுத்துச் சேர்ப்பதற்கும் அதே சொல்தான். விலை அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை.

இந்த முறை நம்மிடமும் வந்து பார்த்தது. 2008-இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இளைஞர்களை ஐ.பி.எல். ஏலம் விடவில்லை. அணிகள் முறை வைத்து எடுத்துக்கொண்டன. டெல்லி தன் ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டுப் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். 2015 டிசம்பரில் சென்னையும் ராஜஸ்தானும் தடை பெற்றிருந்தபோது, புதிதாக வந்த புனேயும் ராஜ்கோட்டும் அதே வகையில் ஆள் எடுத்தன. புனேக்குத் தோனி, ராஜ்கோட்டுக்கு ரெய்னா. தமிழ்நாட்டில் 2016-இல் தொடங்கிய டி.என்.பி.எல். எட்டு அணிகளுக்கும் டிராஃப்ட் முறையில்தான் ஆள் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் முதன்முதலாக அதுவும் ஏலத்துக்கு மாறியது. சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தது.

டிராஃப்ட் என்பதற்குத் தமிழ் தேடினால் அகராதி 'வரைவு' என்னும். அது கடிதத்துக்கும் சட்டத்துக்கும் பொருந்தும், ஆட்டத்துக்குப் பொருந்தாது. தெருவில் விளையாடியவர்களுக்கு வேறொரு சொல் தெரியும்: உத்தி பிரித்தல். ஏறக்குறைய சம பலமுள்ள இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போவார்கள். ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா என்று தலைவர்களைக் கேட்பார்கள். ஒரு தலைவர் ஒரு பெயரைச் சொல்ல, அந்தப் பெயர்க்காரர் அவர் பக்கம். இணை அடுத்த பக்கம். அடுத்த இணைக்கு அடுத்த தலைவர் முதலில் சொல்வார். காசு இல்லை. யாரும் மீதமாக நிற்பதும் இல்லை; ஒற்றைப்படையாக ஒருவர் மிஞ்சினால் அவருக்கும் ஓர் இடம் கண்டுபிடிப்பார்கள். இரு பக்கமும் சமமாக இருந்தால்தான் ஆட்டம் சுவைக்கும் என்ற அறிவு பெர்ட் பெல்லுக்கு முன்பே நம் பிள்ளைகளிடம் இருந்தது.

ஒரு சிக்கல் உண்டு. இன்றைய விளையாட்டுப் பக்கங்களில் உத்தி என்றால் ஆடும் தந்திரம் என்று ஆகிவிட்டது. அது வடமொழி 'யுக்தி' வழி வந்தது. ஆகவே தனியாக உத்தி என்று எழுதினால் குழப்பும். 'உத்தி பிரிப்பு' என்று முழுமையாக எழுதினால் குழப்பாது. அடுத்த ஏப்ரலில் அந்தத் தம்பி கேட்டால் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.