தாவரங்களின் குளிர் தாங்கும் மரபணுக்கள்

குளிரை உணர்ந்து, அதற்கேற்பத் தன் செல்களை மாற்றிக்கொள்ளத் தாவரத்துக்கு உதவும் மரபணுக்கள் குளிர் தாங்கும் மரபணுக்கள் எனப்படும். இவற்றுள் மிக விரிவாக ஆராயப்பட்டவை, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியின் சிபிஎஃப் மரபணுக்கள்.

குளிர் செய்யும் கேடு

நெல், தக்காளி, வாழை போன்ற வெப்பநிலப் பயிர்கள் உறைநிலைக்கு மேலேயே, ஏறத்தாழ 0 முதல் 15 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிரில் வாடுகின்றன. செல் சவ்விலுள்ள கொழுப்பு இறுகுவது இதற்கு முக்கியக் காரணம். உறைபனியில் கேடு வேறு வகையானது. பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே உருவாகி, உள்ளிருக்கும் நீரை இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்க, சவ்வு சிதைகிறது. வறட்சியைப் போலவே இதுவும் நீரிழப்புதான். அதனால் இரண்டையும் எதிர்கொள்ளும் மரபணுக்கள் பல பொதுவானவை.

குளிருக்குப் பழகுதல்

மிதமான குளிரில் சில நாட்கள் இருந்த தாவரம் பின்னர் கடும் உறைபனியையும் தாங்கும். பழகாத ரை என்னும் தானியச் செடி −5 பாகையிலேயே மடியும். பழகியது −30 பாகை வரை பிழைக்கும். பழகும் நாட்களில் செல்லில் சர்க்கரையும் புரோலின் என்னும் அமினோ அமிலமும் சேர்கின்றன. சவ்வின் கொழுப்பு இளகிய தன்மை பெறுகிறது.

சிபிஎஃப் வழித்தடம்

1997இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தோமாஷோவின் குழு சிபிஎஃப்1 மரபணுவைப் பிரித்தெடுத்தது. சிபிஎஃப் மரபணுக்களையே ஜப்பானில் கசுவோ ஷினோசாகி, கசுகோ யமகுச்சி-ஷினோசாகி குழுவினர் டிரெப்1 என்ற பெயரில் ஆராய்ந்தனர். அரபிடாப்சிஸின் 4ஆம் குரோமோசோமில் இவை மூன்று அடுத்தடுத்து அமைந்துள்ளன.

குளிர் பட்டதும் செல்லுக்குள் கால்சியம் பெருகுகிறது. ஐஸ்1 என்னும் புரதம் சிபிஎஃப் மரபணுக்களை முடுக்க, ஏறத்தாழ 15 நிமிடங்களில் அவை இயங்கத் தொடங்குகின்றன. அவற்றின் புரதங்கள் காக்கும் மரபணுக்கள் பலவற்றை ஒருசேர எழுப்புகின்றன. அவற்றுள் ஒன்றான கோர்15ஏ, பசுங்கணிகத்தின் சவ்வைக் காக்கிறது. ஐஸ்1 மரபணுவை 2003இல் இந்திய ஆய்வாளர் விஸ்வநாதன் சின்னுசாமியும் ஜியான்-காங் ஜூவின் குழுவினரும் அறிவித்தனர். ஹாஸ்1 என்னும் புரதம் ஐஸ்1ஐச் சிதைக்க வழிசெய்து இந்த எதிர்வினையைக் கட்டுக்குள் வைக்கிறது.

பயிர்களில்

கோதுமையின் 5ஏ குரோமோசோமில் சிபிஎஃப் மரபணுக்கள் கொத்தாக உள்ள பகுதி, உறைபனி தாங்கும் திறனோடு தொடர்புடையது. நெல்லில் கோல்டு1 என்னும் மரபணு 2015இல் அறிவிக்கப்பட்டது. அதன் டிஎன்ஏவில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பது ஜப்போனிகா நெல்லின் குளிர் தாங்கும் திறனுக்குத் துணைசெய்கிறது. தக்காளியிலும் சிபிஎஃப் மரபணுக்கள் உண்டு. ஆனால் அவற்றின் ஆணைக்குச் செவிசாய்க்கும் மரபணுக்கள் சிலவே. அதனால் தக்காளி குளிருக்குப் பழகுவதில்லை.

பயனும் விலையும்

1998இல் சிபிஎஃப்1ஐ மிகையாக இயங்கச் செய்தபோது, குளிருக்குப் பழகாத அரபிடாப்சிஸும் உறைபனியைத் தாங்கியது. எனினும் இம்மரபணுக்கள் எப்போதும் இயங்கினால் செடி குட்டையாகும், பூப்பதும் தாமதமாகும். தற்காப்புக்குச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சிக்குக் கிடைப்பதில்லை. 1999இல் ஜப்பானியக் குழு, நெருக்கடி நேரத்தில் மட்டும் இயங்கும் ஆர்டி29ஏ என்ற தூண்டியுடன், டிரெப்1 மரபணுக்களுள் ஒன்றான டிரெப்1ஏவை இணைத்து இக்குறையைப் பெரிதும் குறைத்தது. குளிர் தாங்கும் பயிரை உருவாக்குவதில் எந்த மரபணு என்பதோடு, அது எப்போது விழித்து எப்போது அடங்குகிறது என்பதும் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.